ஆதிரை விட்டுப்போன மிதவைச் சட்டை

கிருமாம்பாக்கம்,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஜெயப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது.

பாகூர் மூலநாதர் தயவில் இங்கே எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, சர்க்கரை மாத்திரையை விடாமல் போடுகிறேன், அங்கே நீயும் மாப்பிள்ளை கலைவேந்தனும் குழந்தை ஆதிரையும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் சந்தோஷமாக இருக்க வேண்டும். ஞாயிறு தவறாமல் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இந்தக் காலத்தில் அப்பாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். என்னோடு மின்துறையில் லைன் வேலை பார்த்தாரே நடேசன், அவர் மகள் தேவி மேல்படிப்புக்கு நியூசிலாந்து வருகிறாள், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேதான் காலேஜாம். ஏதாவது கொடுத்து அனுப்பணுமா மாமா என்று அவளே வந்து கேட்டாள். மிளகாய்ப்பொடியும் வற்றலும் கொடுத்திருக்கிறேன், அதோடு இதையும் வைத்திருக்கிறேன். போனில் நீ "வேற இன்னாப்பா விசேஷம்" என்று கேட்கும்போது எனக்கு ஒன்றுமே இல்லாதது போல் ஆகிவிடுகிறது, போனை வைத்த பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது, அப்போது சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சம்பா அறுத்தாகிவிட்டது. இந்த வருஷம் கடைசி மழை கெடுத்தது போக மீதி பரவாயில்லை, மிஷின்காரன் நேரத்துக்கு வந்தான், வைக்கோலை எதிர் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். அடுத்த போகத்துக்கும் நிலத்தைக் குத்தகைக்கே விட்டுவிட்டேன், எனக்கு வரப்பில் நடக்க முன்னே மாதிரி கால் வரவில்லை. அம்மா திதிக்கு ஐயரை வரவழைத்துச் செய்தேன், நீ சொன்னபடி பத்துப் பேருக்குச் சாப்பாடும் போட்டேன். அம்மா போன பிறகு நான் சமையல் கற்றுக்கொண்டேன் என்று எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொள்கிறாயாம், மாப்பிள்ளை சொன்னார். ரசம் நன்றாக வருகிறது. அரிசிதான் இன்னும் கை இரண்டு பேருக்கே அளக்கிறது. மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி மறுநாள் சாப்பிட்டுவிடுகிறேன், வீணாக்குவதில்லை. காலையில் பேப்பர் வாங்கக் கடலூர் ரோட்டுக்குப் போகிறவன் பஸ் ஸ்டாப் நிழலில் உட்கார்ந்து போகிற பஸ்ஸை எல்லாம் பார்த்துவிட்டு வருகிறேன். சில நாள் பால்காரர் வந்து கூப்பிடும்போது பதில் சொல்ல வாய் திறந்தால் சத்தம் வருவதில்லை, கனைத்துக்கொண்டு பேச வேண்டியிருக்கிறது. முதல் நாள் சாயங்காலத்திலிருந்து யாரிடமும் பேசவில்லை என்பது அப்போதுதான் தெரிகிறது. இதைப் படித்துவிட்டுக் கலங்காதே, உள்ளதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

பின்கட்டில் சுபாஷ் குடும்பம் வாடகைக்கு வந்தது உனக்குத் தெரியும். அவன் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறான், அவன் பெண்டாட்டி ஜோதிலட்சுமி, ஒரே பெண் குழந்தை கவிநயா. அந்தக் குழந்தைதான் இந்த வீட்டில் சத்தம். எல்.கே.ஜி. விட்டு வந்ததும் நேரே என் கட்டுக்கு வந்துவிடும், டிவி ரிமோட்டைப் பிடுங்கும், என் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரேஷன் கார்டைப் பார்த்துப் பாடம் நடத்தும். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை. நீங்கள் கடைசியாக வந்தபோது ஆதிரைக்கு அங்கிருந்து வாங்கி வந்தாயே அந்த மஞ்சள் லைஃப் ஜாக்கெட், திமிங்கலம் படம் போட்டது, திரும்பிப் போகும்போது பெட்டியில் எடை தாங்காமல், அடுத்த வருஷம் வர்றப்போ போட்டுக்குவா, இங்கியே இருக்கட்டும்மா என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாய். அம்மா அதைப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். மழைக்காலம் முடிந்ததும் எடுத்து நிழலில் உலர்த்தி, பட்டைகளைத் துடைத்து, திரும்ப மாட்டுவாள். அவளுக்குப் பிறகு நான் செய்தேன். அந்தக் கவிநயா வந்த நாளிலிருந்து அதைப் பார்த்து மீன் சட்டை, மீன் சட்டை என்று கேட்கும். நான் தொடவே விட்டதில்லை. அது எங்க ஆதிரைப் பாப்பாவோடது, அவ வருவா என்று சொல்வேன். எப்ப வருவா தாத்தா என்று கேட்கும். போய் விளையாடு என்பேன்.

தை மாதம் ஆற்றுத் திருவிழா வந்தது. அதைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், வேறு எங்கெங்கோ போய்விட்டேன். போனில் நீ கேட்டபோது திருவிழா நல்லா நடந்துச்சும்மா என்று சொல்லி வைத்தேன். நடந்தது அப்படி இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, பதறாமல் படி.

அன்று காலை ஜோதிலட்சுமி வந்து, "அப்பா, நீங்களும் கெளம்புங்க, எல்லாரும் ஆத்துக்குப் போறாங்க, நீங்க மட்டும் வூட்ல குந்திக்கினு இன்னா பண்ணப் போறீங்க" என்றாள். எனக்கு இஷ்டம் இல்லை. அம்மாவோடு போன இடத்துக்குத் தனியாகப் போக மனசு வரவில்லை. அவள் விடவில்லை. சுபாஷின் அக்கா ஜெயசுதா திருக்கனூரிலிருந்து தன் மகன் விமலோடு வந்திருந்தாள், பையன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான், துறுதுறுவென்று இருப்பான். எல்லாருமாக ஆட்டோவில் ஏறும்போது கவிநயா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "தாத்தா, ஆத்துல போட் வுடறாங்களாம், மீன் சட்டை குடு" என்றது. அதெல்லாம் கூடாது என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினேன். ஆட்டோவில் உட்கார்ந்த பிறகு உன் ஞாபகம் வந்தது. அந்த முறை நாம் படகுத்துறைக்குப் போனபோது வெயிலில் அத்தனை பேர் வரிசையில் நிற்க நீ முட்டிபோட்டு உட்கார்ந்து ஆதிரைக்கு ஒவ்வொரு பட்டையாக இழுத்து மாட்டினாய். தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாய், பத்தவில்லை என்று திரும்ப இறுக்கினாய். அரை மணி நேரத்துக்கு இவ்ளோ எதுக்குடி என்று அம்மாவே சலித்துக்கொண்டாள். நீ வேலையை முடித்துவிட்டுத்தான் எழுந்தாய். அது ஞாபகம் வந்ததும் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். கதவைத் திறந்து ஆணியிலிருந்து அதை எடுத்து விரித்துப் பார்த்தேன். இந்தச் சட்டை இனி ஆதிரைக்கு எந்தக் காலத்திலும் சேராது, அவள் எவ்வளவு வளர்ந்துவிட்டாள் என்று அப்போதுதான் உறைத்தது. அதுவரை நான் அதை அப்படி யோசித்ததே இல்லை.

ஆற்றில் இந்த வருஷம் தண்ணீர் நிறைய. கரை நெடுக சுருளிக்கிழங்குக் கடையும் கரும்புக் கடையும் ராட்டினமும், சுற்று வட்டார சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து வரிசையாக நிற்கின்றன. கடலோரத்திலிருந்து வீரமணி என்கிற ஒரு பையன் தன் ஃபைபர் போட்டை வண்டியில் ஏற்றிவந்து தண்ணீரில் இறக்கி, ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். நல்ல பையன்தான், கெட்டவன் என்று சொல்லமாட்டேன். ஏறுகிற எல்லாருக்கும் ஆரஞ்சு ஜாக்கெட் கொடுத்தான். எல்லாம் பெரியவர்கள் அளவு. சின்னப் பிள்ளைகளுக்கு இல்லையாப்பா என்று கேட்டேன். "இல்ல சார், பசங்கள மடியில வெச்சிக்குங்க, இல்லன்னா இதையே சுத்தி கட்டி வுடறேன்" என்றான். ஜெயசுதா கட்டிவிடச் சொன்னாள். விமலுக்கு அந்த ஜாக்கெட் முழங்கால் வரை தொங்கியது, அதன் மேல் ஒரு கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டான், பையன் ரோபோ மாதிரி நடந்து காட்டிச் சிரித்தான். நான் கவிநயாவை உட்காரவைத்து நீ செய்தது போலவே மாட்டினேன். தொடை இடுக்கில் வரும் பட்டை கூசுகிறது என்று துள்ளியது, விடவில்லை. தோளைப் பிடித்துத் தூக்கினேன், சட்டையோடு குழந்தை மேலே வந்தது. விமலையும் தூக்கிப் பார்த்தேன். ஜாக்கெட் அவன் காது வரை ஏறியது. இது சரியில்லம்மா, இவன் வேணாம், கரையில என்னோட இருக்கட்டும் என்று ஜெயசுதாவிடம் சொன்னேன். அவன் அழ ஆரம்பித்துவிட்டான். "ஒரு சுத்துதான சார், பக்கத்துலதான் போறோம்" என்று வீரமணி சொன்னான், சுபாஷும் மாமா நான் புடிச்சிக்கிறேன் என்றான். பெண்கள் இருவரும் கரையில் நின்றுகொண்டார்கள், சரி என்று நானும் ஒரு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏறினேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது உனக்குத் தெரியும், ஆனாலும் கவிநயா என் விரலை விடவில்லை.

நடு ஆற்றுக்குப் போகும் வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. காற்று குளுகுளுவென்று அடித்தது, அம்மா போன பிறகு அன்றுதான் எனக்கு வெளியே வந்தது போல் இருந்தது என்று கூடச் சொல்லலாம். திரும்பும்போது கரையில் மேளம் உச்சத்துக்குப் போனது, சாமியைத் தண்ணீரில் இறக்குகிறார்கள். போட்டில் இருந்த எல்லாரும் ஒரே சமயத்தில் அந்தப் பக்கமாக எழுந்து நின்று செல்போனை நீட்டினார்கள். "ஏய் குந்துங்க, குந்துங்க" என்று வீரமணி கத்தியது கேட்டது. அவ்வளவுதான். போட் ஒரு பக்கம் சாய்ந்தது, சாய்ந்தது திரும்பவில்லை.

லைன் வேலையில் எனக்கு ஒரு முறை கரண்ட் அடித்திருக்கிறது, அதுபோல்தான் இருந்தது, என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் நடந்து முடிந்துவிட்டது. மேளச் சத்தம் பட்டென்று நின்றது, தண்ணீர் மூக்கில் ஏறியது, மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. அப்போது யாரோ கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குவது போல் அந்த ஜாக்கெட் என்னை மேலே கொண்டுவந்தது. கண்ணைத் துடைத்துப் பார்த்தால் தலை தலையாகத் தெரிகிறது, எல்லாரும் அலறுகிறார்கள். கொஞ்சம் தள்ளி மஞ்சளாக. குழந்தை மல்லாக்க மிதந்துகொண்டிருந்தது, முகம் வானத்தைப் பார்த்து இருந்தது, கழுத்துக்குப் பின்னால் அந்தச் சட்டையில் தலையணை மாதிரி ஒன்று இருக்கிறதே, அது தலையைத் தாங்கிக்கொண்டிருந்தது. வாய் நிறைய அழுகை. அழுகிறது என்றால் மூச்சு இருக்கிறது என்று அர்த்தம். எப்படிப் போய்ச் சேர்ந்தேனோ தெரியவில்லை, கையையும் காலையும் அடித்துக்கொண்டு போய் பிடரியில் இருக்கும் அந்தப் பிடியைப் பிடித்தேன். பயப்படாத ஆதிரை, தாத்தா இருக்கேன், தாத்தா புடிச்சிக்கினேன் ஆதிரை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தக் குழந்தை அத்தனை அழுகையிலும் என் முகத்தைப் பார்த்து, "நான் ஆதிரை இல்ல தாத்தா, நான் கவி" என்றது. ஆமாம்டா கண்ணு, நீ கவிதான் என்றேன். ஜெயப்பிரியா, அந்தத் தண்ணீரில் எனக்கு அழுகை வந்தது, பயத்தில் வந்ததா எதில் வந்தது என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை.

கரையிலிருந்து ஆட்கள் குதித்து எங்களை இழுத்தார்கள். மணலில் உட்காரவைத்த பிறகுதான் ஜெயசுதாவின் சத்தம் கேட்டது. விமல் எங்கே, விமல் எங்கே என்கிறாள். போட் கவிழ்ந்ததில் பையன் சுபாஷ் கையிலிருந்து நழுவிவிட்டான், சுபாஷ் முங்கி முங்கித் தேடுகிறான். ஒரு ஆரஞ்சு ஜாக்கெட் மட்டும் முடிச்சு அவிழாமல் அப்படியே மிதந்து போகிறது, உள்ளே ஆள் இல்லை. தண்ணீரில் விழுந்ததும் பையன் கையை மேலே தூக்கியிருப்பான், ஜாக்கெட் மேலே போக அவன் கீழே போய்விட்டான். அந்தக் காலி ஜாக்கெட் என் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை. வீரமணிதான் கவிழ்ந்த போட்டுக்கு அடியில் போய் அவனை எடுத்தான். கடல்காரன் பிள்ளை, மூச்சடக்கி வெகுநேரம் உள்ளே இருந்தான், வெளியே வரும்போது பையனின் தலைமுடி அவன் கையில் இருந்தது. விமலுக்கு உடம்பெல்லாம் நீலம் பாரித்திருந்தது. கூட்டத்தில் ஒரு நர்ஸம்மா இருந்தார், யார் பெற்ற மகளோ, ஓடிவந்து மண்டியிட்டு நெஞ்சை அழுத்தினார், வாயில் ஊதினார், திரும்ப அழுத்தினார். ஜெயசுதா மணலை அள்ளி அள்ளித் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். பையன் தண்ணீரைக் கக்கி இருமினான். மேளத்தை நிறுத்திவிட்டார்கள், அந்தக் கரையில் அத்தனை ஜனமும் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு நின்றது.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், நுரையீரலில் தண்ணீர் போயிருந்ததால் சில நாள் வைத்திருந்துதான் அனுப்பினார்கள். நானும் தினம் பஸ் பிடித்துப் போய் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் ஜெயசுதா வெளியே வந்தவள் ஜோதிலட்சுமியைப் பார்த்து, "உம் பொண்ணுக்கு மட்டும் அளவெடுத்தாப்பல மாட்டிக்கினு வந்தீங்க, எம் புள்ளய தார்ப்பாய்ல சுத்தறாப்பல சுத்தி வுட்டுட்டீங்களேடி" என்றாள். ஜோதிலட்சுமி பாவம், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மாட்டினது நான்தாம்மா, கேக்கறத என்னைக் கேளு என்று எழுந்து நின்றேன். என்னை வெறித்துப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "உங்ககிட்ட அது ஒண்ணுதான இருந்துது, நீங்க இன்னா பண்ணுவீங்க, வேணாம்னு சொன்னீங்களே, நாந்தான கேக்கல" என்று அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பையன் இப்போது நன்றாக இருக்கிறான், பள்ளிக்கூடம் போகிறான். தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் மட்டும் கத்துகிறானாம். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் இப்போது பேசிக்கொள்கிறார்கள், பழைய மாதிரி ஆக இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

பிறகு கோவில் மண்டபத்தில் திருவிழாக் கமிட்டி கூடியது. இனி ஆற்றில் போட்டே விடக்கூடாது என்று பாதிப் பேர், வருஷத்துக்கு ஒரு நாள் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், அவன் பிழைப்பும் இருக்கிறது என்று பாதிப் பேர். வீரமணி தூண் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். அம்மா போனதிலிருந்து நான் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை, அன்று போனேன். எழுந்து பேசவும் செய்தேன் என்றால் நம்புவாயா. போட் வேணுமா வேணாமான்றது உங்க இஷ்டம், ஆனா இத ஒரு வாட்டி பாருங்க என்று சொல்லி, வீரமணியின் பெரிய ஜாக்கெட் ஒன்றைத் தலைவர் பேரனுக்கு மாட்டிக் கையைத் தூக்கச் சொன்னேன். தோளைப் பிடித்து மேலே இழுத்தேன், ஜாக்கெட் என் கையோடு வந்துவிட்டது, பையன் கீழேயே நின்றான். பிறகு கவிநயாவை நிற்கவைத்து அந்த மஞ்சள் சட்டையைப் பிடித்துத் தூக்கினேன், குழந்தையும் கூடவே மேலே வந்து காலை ஆட்டியது. நீ செய்து காட்டியதுதான். கடைசியில், குழந்தைகள் அளவு ஜாக்கெட் இல்லாமல் போட் தண்ணீரில் இறங்கக்கூடாது, ஏற்றுகிற ஆட்களைக் குறைக்க வேண்டும், நடுவில் யாரும் எழுந்து நிற்கக்கூடாது என்று முடிவு செய்தார்கள். யாரப்பா உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது என்று தலைவர் கேட்டார். எம் பொண்ணு என்றேன்.

மறுவாரம் வீரமணி வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான், உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தேன். "அந்தச் சின்னச் சட்டைய ஒரு நாளைக்குக் குடுங்க சார், கடையில காட்டி இதே மாரி கேக்கணும், வாயால சொன்னா அவங்களுக்குப் புரியல" என்றான். கொடுத்தேன். சின்னது, அதைவிடச் சின்னது, நடுத்தரம் என்று அளவு அளவாகச் சொல்லிவைத்துவிட்டு வந்தானாம். சட்டையைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொண்டுவந்து தந்தான். அதை நான் ஆணியில் மாட்டவில்லை. கவிநயாவிடம் கொடுத்துவிட்டேன், இது இனிமே உன்னோடது என்று. ஆதிரைப் பாப்பா கேட்டா என்றது. ஆதிரைப் பாப்பா பெருசா ஆயிட்டாம்மா என்று சொன்னேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

இதில் இன்னொன்று. சுபாஷுக்கு ஓசூருக்கு மாற்றல் வந்திருக்கிறது. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் போய்விடுவார்கள். வேறு யாரையாவது வாடகைக்கு வையுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள், வைக்கலாம். ஜோதிலட்சுமி சாமான்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறாள், கவிநயா அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு போட் ஓட்டுகிறது, சட்டையைப் போட்டுக்கொண்டுதான். நான் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஏரியில் சின்னப் படகில் ஆதிரை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், சிவப்பு ஜாக்கெட் கச்சிதமாக இருக்கிறது, முன்பல் விழுந்து சிரிக்கிறாள், அப்படியே உன் சிரிப்பு. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் நீ துடுப்போடு உட்கார்ந்திருக்கிறாய், காட்டன் சட்டை மட்டும்தான் போட்டிருக்கிறாய். உனக்கு எங்கேம்மா ஜாக்கெட்? உனக்கு நீச்சல் தெரியும், கரை பக்கம், ஆழம் இல்லை என்று சொல்வாய். எனக்கும் ஒன்று இருந்ததால்தான் நான் அந்தக் குழந்தையைப் பிடிக்க முடிந்தது. சுபாஷுக்கு நல்ல நீச்சல் தெரியும், வெயிலாக இருக்கிறது என்று அவன் ஜாக்கெட்டைக் கழற்றித் தோளில் போட்டிருந்தான், விழுந்ததும் தன்னைச் சமாளிப்பதற்குள் பையன் கை நழுவிவிட்டது. குழந்தைக்குப் போட்டது போதும் என்று நினைக்காதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். இதை மட்டும் எனக்காகச் செய்.

இன்னும் ஒன்று சொல்லத் தயங்கித் தயங்கி இவ்வளவு தூரம் எழுதிவிட்டேன். நீ பல முறை கூப்பிட்டாய், அப்போதெல்லாம் வீட்டை யார் பார்ப்பது, அம்மா படத்துக்கு விளக்கு யார் ஏற்றுவது என்று தட்டிக்கழித்தேன். நீ கூப்பிடுவதை நிறுத்திவிட்டாய், அதில் தப்பு இல்லை. உனக்கு லீவு கிடைக்காது, டிக்கெட் நீங்கள் மூன்று பேருக்கும் கட்டுப்படியாகாது என்பதெல்லாம் எனக்குப் புரிகிறது. அந்தத் தண்ணீரில் என் வாயில் ஆதிரை பெயர்தான் வந்தது ஜெயப்பிரியா. கவிநயா பெயர் வரவில்லை, உன் அம்மா பெயர் வரவில்லை, சாமி பெயரும் வரவில்லை. ஆனால் நேரில் பார்த்தால் அந்தக் குழந்தைக்கு என்னைத் தெரியுமா என்று யோசித்தேன். போனில் ஹாய் தாத்தா என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறாள், அவள் குரல் எனக்குத் தெரிகிறது, என் மடியில் உட்கார்ந்தால் அவள் எவ்வளவு கனம் இருப்பாள் என்று தெரியவில்லை. அதனால் நடேசனைக் கூட்டிக்கொண்டு போய் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். சுபாஷ் குடும்பம் கிளம்பியதும் நானும் கிளம்பலாம் என்று இருக்கிறேன். அப்போது அங்கே குளிர் காலமாமே, தேவி சொன்னாள், ஸ்வெட்டர் வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் லீவு போட வேண்டாம், ஊர் சுற்றிக் காட்ட வேண்டாம், சமையல் நான் பார்த்துக்கொள்வேன், குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கதவைத் திறக்க ஒரு ஆள் என்று வைத்துக்கொள். உங்களுக்கு இப்போது தோதுப்படாது என்றாலும் பரவாயில்லை, மனசில் வைத்துக்கொள்ளாமல் சொல்லிவிடு. மாப்பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்லாதே. வேண்டாம் என்பதாக இருந்தாலும் உன் வாயால் கேட்டால் தாங்கிக்கொள்வேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். ஆதிரைக்குத் தாத்தாவின் முத்தம், தினமும் இரண்டு தமிழ் வார்த்தை சொல்லிக் கொடு. நீ நன்றாகச் சாப்பிடு, படத்தில் இளைத்துத் தெரிகிறாய். நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக, நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும் என்று அம்மா படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டு இதை ஒட்டுகிறேன். தேவி கையால் இது உனக்குக் கிடைத்ததும் படித்துவிட்டுக் கூப்பிடு. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வைத்திருக்காதே.

உன் அப்பா
சுப்பராயலு